நேராக்கப்படும் கூந்தல்: முறைகளும் ஆபத்துகளும்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று நமது மலையக நகரங்களில் எங்கு இறங்கினாலும் பெண்களுக்கான ஓர் அழகு நிலையமாவது கண்ணில் படும். அதன் கண்ணாடியில் ரீபொண்டிங், ஸ்மூதனிங், கெரட்டின் ட்ரீட்மென்ட் என்ற சொற்கள் ஒட்டப்பட்டிருக்கும். அந்தச் சொற்களை நாம் எல்லோரும் வாசிக்கிறோம். அவற்றுக்குப் பின்னால் நமது தலையில் என்ன நடக்கிறது என்பதை வாசித்தவர்கள் குறைவு. உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் கற்கும் மாணவி என்ற வகையில், இரசாயனவியல் பாடத்தில் படித்தவற்றையும் தேடி அறிந்தவற்றையும் எனது தோழிகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

"பர்தாவுக்குள் இருக்கும் முடியை யார் பார்க்கப் போகிறார்கள்? இதற்கெல்லாம் எதற்கு ஒரு கட்டுரை?" என்று சிலர் கேட்கக்கூடும். யாரும் பார்க்காவிட்டாலும் கண்ணாடியில் நாம் பார்க்கிறோம். வீட்டில், பெண்கள் மட்டும் கூடும் கலியாண வீட்டில், சகோதரிகளுக்கு நடுவில் நமது முடி பேசப்படுகிறது. சுருட்டை, பரட்டை என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு முடியை நேராக்கும் ஆசை வருவது வியப்பில்லை. அந்த ஆசையைக் கேலி செய்தால் அது போய்விடாது; அறைக்கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். விபத்துகள் நடப்பது பெரும்பாலும் அங்கேதான்.

முடி ஏன் சுருள்கிறது?

நமது கண்ணுக்குத் தெரியும் முடி உயிரற்றது. உயிருள்ள பகுதி தோலுக்குக் கீழே, மயிர்க்காலில் இருக்கிறது. முடி நேராக வருமா சுருண்டு வருமா என்பதை அந்த மயிர்க்காலின் வடிவமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மயிர்க்கால் நேராக இருந்தால் முடியும் நேராக வரும். வளைந்திருந்தால் முடி வளைந்து வரும். இது பரம்பரையாக வரும் இயல்பு. எண்ணெயோ ஷாம்புவோ இதை மாற்ற முடியாது.

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. இப்புரதத்தின் நீண்ட சங்கிலிகளை இரண்டு முக்கிய வகைப் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஒன்று ஐதரசன் பிணைப்பு. இது பலவீனமானது, தண்ணீர் பட்டாலே அறுந்து, காயும்போது மீண்டும் உண்டாகும். இரவில் ஈர முடியைப் பின்னிக்கொண்டு படுத்தால் காலையில் அலையலையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மற்றது இருசல்பைட்டுப் பிணைப்பு. இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கும் வலுவான பாலம் இது. தண்ணீரோ சாதாரண சூடோ இதை அசைப்பதில்லை. முடியை நேராக்கும் முறைகளை விளங்கிக்கொள்ள இந்த இரண்டையும் நினைவில் வைத்தால் போதும். சூடான கருவி முதலாவதை மட்டும் தற்காலிகமாக மாற்றுகிறது. ரீபொண்டிங்கும் ரிலாக்ஸரும் இரண்டாவதையே உடைக்கின்றன.

சூட்டினால் நேராக்குதல்

1872ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரில் மார்செல் கிராட்டோ என்ற முடியலங்காரக் கலைஞர், நெருப்பில் சூடாக்கிய இடுக்கியால் பெண்களின் முடியில் அலைகளை உண்டாக்கும் முறையைப் பிரபலமாக்கினார். அதன் பின்னர் அமெரிக்காவில் சூடாக்கிய உலோகச் சீப்பு பரவியது. 1960களில் மேற்கு நாடுகளில் இளம்பெண்கள் துணிக்கு அயன் போடும் பலகையில் முடியை விரித்து, அதன் மேல் அயன் பெட்டியை இழுத்தார்கள். இன்று நம்மிடம் இருப்பது இரண்டு தட்டுகள் கொண்ட மின்சார ஸ்ட்ரெயிட்னர். உள்ளே நடப்பது ஒன்றுதான்: சூடு முடியிலுள்ள ஈரத்தை வெளியேற்றுகிறது, ஐதரசன் பிணைப்புகள் நேரான நிலையில் மீண்டும் உண்டாகின்றன.

இங்குதான் நமது ஊரின் காலநிலை குறுக்கே வருகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டனும் மேகம் இறங்கும் உயரத்தில்தான் இருக்கிறது. பனிமூட்டமும் தூறலும் மாதக்கணக்கில் நம்மை விடுவதில்லை. காற்றிலுள்ள ஈரம் முடிக்குள் புகுந்தவுடன் ஐதரசன் பிணைப்புகள் பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. கொழும்பில் குளிரூட்டிய அறையில் மாலை வரை நிற்கும் நேர்முடி, இங்கே பஸ் தரிப்பிடத்தில் பத்து நிமிடம் நின்றால் மீண்டும் சுருளத் தொடங்கும். அதனால் நம்மவர்கள் ஒரு நாளில் இரண்டு முறையும் ஸ்ட்ரெயிட்னரை எடுக்கிறார்கள், சூட்டையும் கூட்டிவிடுகிறார்கள்.

ஸ்ட்ரெயிட்னரின் தட்டுகள் 200 பாகை செல்சியசைத் தாண்டக்கூடியவை. அந்தச் சூட்டில் கெரட்டின் புரதமே சிதையத் தொடங்குகிறது. அது திரும்பாத சேதம். முட்டை வெந்த பிறகு மறுபடியும் பச்சை முட்டையாகாதது போன்றது. ஈர முடியில் சூடு வைப்பது இன்னும் மோசம். முடிக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேற வழியின்றி உள்ளேயே குமிழிகளை உண்டாக்குகிறது. மருத்துவர்கள் இதைக் "குமிழி முடி" என்கிறார்கள். அந்த இடத்தில் முடி உடையும். இதற்கு மிகப் பெரிய சூடு தேவையில்லை. ஈர முடியில் 125 பாகை செல்சியஸ் சூட்டை ஒரு நிமிடம் வைத்தாலே இது நடப்பதை ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். குளிரில் முடி காயத் தாமதமாகிறது, பாடசாலை பஸ்ஸுக்கு நேரமாகிறது, பாதி காய்ந்த முடியில் ஸ்ட்ரெயிட்னரை வைக்கிறோம். ஆவி "சுர்" என்று எழும் சத்தம் கேட்டால் அது முடி வேகும் சத்தம்தான்.

மின்சாரத்தையும் மறக்கக்கூடாது. நம் நாட்டில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஈரக் கையோடு, ஈரச் சிமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்று இக்கருவியைப் பாவிப்பது உயிரோடு விளையாடுவதாகும். லயன் அறைகளில் ஒரே சுவிட்சிலிருந்து நீட்டு வயரில் பல கருவிகள் ஓடுவதைப் பார்த்திருக்கிறோம். சூடான ஸ்ட்ரெயிட்னரை மெத்தை மேல் வைத்துவிட்டு யாரோ கூப்பிட்டார்கள் என்று வெளியே போனால் என்ன ஆகும்? ஓர் அறையில் பற்றும் தீ ஒரே கூரையின் கீழுள்ள வரிசை முழுவதற்கும் பரவும் என்பதை மலையகத்தில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

ரீபொண்டிங்கும் ரிலாக்ஸரும்

பெயரே சொல்வது போல ரீபொண்டிங் என்பது பிணைப்புகளை உடைத்து மீண்டும் கட்டுவது. முதலில் தயோகிளைக்கொலேற்று என்னும் சேர்வை கலந்த கிறீமைப் பூசுவார்கள். அது இருசல்பைட்டுப் பாலங்களை அறுக்கும். பிறகு கழுவி, காயவைத்து, சூடான ஸ்ட்ரெயிட்னரால் முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்குவார்கள். கடைசியாகப் பூசும் நடுநிலையாக்கியில் பெரும்பாலும் ஐதரசன் பேரொட்சைட்டு இருக்கும். அது கந்தகப் பாலங்களை நேரான நிலையில் மறுபடியும் கட்டிவிடும். இதே தயோகிளைக்கொலேற்றுக் குடும்பத்தைச் சேர்ந்த சேர்வையைத்தான் தேவையற்ற முடியை அகற்றும் கிறீம்களிலும் சேர்க்கிறார்கள். அளவும் நேரமும் மாறினால், முடியை நேராக்கும் பொருளே முடியைக் கரைக்கும் பொருளாகிவிடும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

ரிலாக்ஸர் இன்னும் கடுமையானது. அதில் பலவற்றின் அடிப்படை சோடியம் ஐதரொட்சைட்டு, அதாவது சவர்க்காரம் காய்ச்சவும் அடைபட்ட குழாயைச் சுத்தப்படுத்தவும் பயன்படும் கோஸ்டிக் சோடா. இது தோலில் பட்டால் இரசாயன எரிகாயம் உண்டாகும். கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம்.

எனது மூத்த ராத்தாவின் நிக்காஹ்வுக்குப் பத்து நாட்கள் இருக்கும்போது, பக்கத்து நகரிலுள்ள ஓர் அழகு நிலையத்தில் அவருக்கு ரீபொண்டிங் செய்தார்கள். கிறீம் பூசியவர் அடுத்தவரின் முடியைக் கவனிக்கப் போய்விட்டார். ராத்தா "எரிகிறது" என்று சொன்னபோது, "கொஞ்சம் எரியத்தான் செய்யும், அப்போதுதான் வேலை செய்யும்" என்று பதில் வந்தது. வீட்டுக்கு வரும்போது காதுக்குப் பின்னால் கொப்புளங்கள். இரண்டு வாரத்தில் முடி நான்கு விரல் அளவில் உடைந்து கையோடு வரத் தொடங்கியது. நிக்காஹ் அன்று பட்டு முக்காட்டுக்குள் அதை யாரும் காணவில்லை. ஆனால், சீப்பை எடுக்கும்போதெல்லாம் அவர் அழுததை நான் கண்டேன். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். ஒரு அடி முடி திரும்ப வர இரண்டரை வருடம் வேண்டும். எரிச்சல் என்பது மருந்து வேலை செய்வதன் அடையாளம் அல்ல. தோல் புண்ணாவதன் அடையாளம். அந்தக் கணமே கழுவச் சொல்லும் உரிமை நாற்காலியில் இருப்பவருக்கு உண்டு.

இன்னும் இரண்டு விடயங்களை நம்மவர்கள் குறிப்பாக அறிய வேண்டும். முதலாவது, மருதாணி. கடையில் விற்கும் சில மருதாணித் தூள்களில் நிறத்துக்காக உலோக உப்புகள் கலக்கப்பட்டிருக்கும். அவ்வுப்புகள் முடியில் இருக்கும்போது ஐதரசன் பேரொட்சைட்டுப் பட்டால் சூடேறி முடி சிதையலாம். மருதாணி போட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டாவது, ரீபொண்டிங் செய்த பின் இரண்டு மூன்று நாட்களுக்குத் தலையில் தண்ணீர் படக்கூடாது என்பார்கள். ஐவேளை வுழூவில் ஈரக் கையால் தலையைத் தடவ வேண்டிய நமக்கு, கடமையான குளிப்பையும் நினைத்தால், இது சிறிய நிபந்தனை அல்ல. நாள் குறிப்பதற்கு முன்பே யோசிக்க வேண்டியது.

மேலும், நேராக்கிய முடி மட்டுமே நேராக இருக்கும். வேரிலிருந்து புதிதாக வருவது பழையபடி சுருண்டே வரும். சில மாதங்களில் மீண்டும் செய்ய வேண்டும். ஏற்கனவே நேராக்கிய பகுதியில் கிறீம் இரண்டாம் முறை பட்டால் அங்கே முடி அறும். 2024ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ரீபொண்டிங்குக்குக் கேட்கப்படும் பணம் எத்தனை நாள் கொழுந்தின் விலை என்பதை அவரவர் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கெரட்டின் ட்ரீட்மென்ட் என்னும் இனிய பெயர்

முடி கெரட்டினால் ஆனது, எனவே கெரட்டின் பூசுவது முடிக்கு உணவு கொடுப்பது போன்றது என்று பலர் நம்புகிறார்கள். முடியை நேராக நிறுத்தி வைக்கும் வேலையை இத்தகைய பல தயாரிப்புகளில் செய்வது கெரட்டின் அல்ல. போமல்டிகைட்டோ, சூடாகும்போது போமல்டிகைட்டை வெளியிடும் சேர்வையோதான். நமது உயிரியல் ஆய்வுகூடத்தில் மாதிரிகளைப் போத்தலில் கெடாமல் வைத்திருக்கும் போமலின் என்பது இதே போமல்டிகைட்டின் கரைசல். அந்தப் போத்தலைத் திறந்ததும் கண் எரிவது உயர்தர மாணவிகளுக்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் இதனை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது.

"போமல்டிகைட் இல்லை" என்ற லேபலை மட்டும் நம்பவும் முடியாது. 2010இல் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில், அழகு நிலைய ஊழியர்கள் மூச்சுத் திணறலும் கண் எரிச்சலும் வருவதாக முறையிட்டார்கள். அதிகாரிகள் அவர்கள் பாவித்த தயாரிப்பைப் பரிசோதித்தபோது, அவ்வாறு லேபல் ஒட்டிய போத்தல்களிலேயே போமல்டிகைட் கணிசமான அளவில் இருந்தது.

நமது ஊருக்கு இதில் ஓர் மேலதிக ஆபத்து உண்டு. குளிருக்காக ஜன்னலைச் சாத்துகிறோம். பெண்கள் மட்டும் வரும் இடம் என்பதால் கதவையும் மூடித் திரை போடுகிறோம். இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால், காற்றோட்டமில்லாத சிறு அறையில் ஸ்ட்ரெயிட்னரின் சூட்டில் எழும் புகை வெளியே போக வழியில்லை. வாடிக்கையாளர் அதை இரண்டு மணி நேரம் சுவாசிக்கிறார். அங்கே வேலை செய்யும் சகோதரி நாள் முழுவதும் சுவாசிக்கிறார். காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறி ஒன்றைச் சுவரின் உயரத்தில் பொருத்தினால் மறைப்பும் கெடாது, மூச்சும் கெடாது.

போமல்டிகைட்டுக்குப் பதிலாகக் கிளையொக்சிலிக் அமிலம் சேர்த்த தயாரிப்புகளும் வந்தன. 2024இல் பிரான்ஸ் மருத்துவர்கள் ஒரு சம்பவத்தை வெளியிட்டார்கள். 26 வயதுப் பெண் ஒருவர் 2020, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் துனீசியாவில் ஒரே அழகு நிலையத்தில் முடியை நேராக்கினார். ஒவ்வொரு முறையும் வாந்தி, காய்ச்சல், முதுகுவலி ஏற்பட்டு அவரது சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டன. பூசிய கிறீமில் அந்த அமிலம் இருந்தது. அதே கிறீமை எலிகளின் தோலில் பூசியபோது அவற்றின் சிறுநீரகங்களில் கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் படிந்தன. தலையில் பூசுவது தலையோடு நின்றுவிடும் என்ற எண்ணத்தை இச்சம்பவம் மாற்றுகிறது.

2022இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவை வெளியிட்டது. முடி நேராக்கும் பொருட்களைப் பாவிக்காத பெண்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 1.64 ஆகவும், வருடத்தில் நான்கு தடவைக்கு மேல் பாவித்தவர்களில் 4.05 ஆகவும் இருந்தது. இது ஒரு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, இதுவே காரணம் என்று நிரூபிக்கவில்லை. ஒரு தடவை செய்தவர்கள் இதைப் படித்துப் பயப்படத் தேவையில்லை. அடிக்கடி செய்வதை யோசிக்க இது போதுமானது.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது?

கறெட் மோர்கன் என்ற கறுப்பின அமெரிக்கர் ஒரு தையற்கடை வைத்திருந்தார். தையல் ஊசி கம்பளித் துணியைக் கருக்காமலிருக்க ஒரு திரவத்தைத் தயாரித்தபோது, அது கம்பளி இழைகளை நேராக்குவதைக் கண்டார். கம்பளியும் கெரட்டின்தானே. 1913அளவில் அவர் அதை முடி நேராக்கும் கிறீமாக விற்கத் தொடங்கினார். சுருண்ட முடி தாழ்வானது என்று கறுப்பின மக்களுக்குச் சொல்லப்பட்ட காலம் அது. மல்கம் எக்ஸ் தமது சுயசரிதையில், இளைஞராக இருந்தபோது கோஸ்டிக் சோடா, உருளைக்கிழங்கு, முட்டை கலந்த கலவையால் தலை எரிய எரிய முடியை நேராக்கிக்கொண்டதை எழுதியிருக்கிறார். வெள்ளையரைப் போலத் தோன்றுவதற்காகத் தம்மைத் தாமே தாழ்த்திக்கொண்ட முதற் பெரிய செயல் என்று பிற்காலத்தில் அதைக் கருதினார்.

நமது தமிழிலோ கதை வேறு. ஆற்றுநீர் வடிந்த பின் கருமணலில் படியும் நெளிவுகளுக்கு "அறல்" என்று பெயர். சங்கப் புலவர்கள் பெண்ணின் கூந்தலுக்கு அந்த அறலையே உவமையாக்கினார்கள். சுருண்ட கூந்தலைச் "சுரிகுழல்" என்று அழகாகச் சொல்லும் மொழி இது. நெளிவைக் குறையாகக் காணும் கண்ணை விளம்பரங்கள்தான் நமக்குத் தந்தன.

செய்யத்தான் வேண்டுமென்றால்

ஸ்ட்ரெயிட்னரை நன்கு காய்ந்த முடியில், குறைந்த சூட்டில், ஓர் இடத்தில் ஒரு முறை மட்டும் இழுங்கள். தினமும் வேண்டாம். இரசாயன முறையானால், போத்தலில் உள்ளடக்கம், காலாவதித் திகதி, இறக்குமதியாளரின் பெயர் ஆகியவை இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். லேபல் இல்லாத டப்பாவிலிருந்து எடுத்துப் பூசினால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு நாட்களுக்கு முன்னர் காதுக்குப் பின்னால் சிறிதளவு பூசிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தலையில் புண், பொடுகு அரிப்பு, சொறிந்த காயம் இருந்தால் தள்ளிப்போடுங்கள். கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் தவிர்ப்பதே நல்லது. தரமற்ற பொருள் பற்றிப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

எரிந்தால் உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டாலும் அப்படியே. தேசிக்காய், வினாகிரி, பற்பசை, எண்ணெய் எதுவும் பூசக்கூடாது. பிறகு தாமதிக்காமல் அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள், கட்டணம் இல்லை. அவசரமென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் வரும்.

நேராக்காமலும் முடியை அடக்கமாக வைக்கலாம். சுருள் முடியை ஈரமாக இருக்கும்போதே அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுக்க வேண்டும். குளிப்பதற்கு முன் தேங்காயெண்ணெய் பூசும் உம்மம்மாவின் வழக்கத்துக்கும் விஞ்ஞானம் துணை நிற்கிறது. 2003இல் மும்பையிலுள்ள தேங்காயெண்ணெய் நிறுவனமொன்றின் ஆய்வாளர்கள், தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைப்பதையும், சூரியகாந்தி எண்ணெய்க்கும் கனிய எண்ணெய்க்கும் அந்த ஆற்றல் இல்லாததையும் கண்டார்கள். ஆய்வு செய்தவர்கள் எண்ணெய் விற்பவர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வோம். ஆனாலும் அது தலையை எரிக்காது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

உங்கள் மகள் முடியை நேராக்கக் கேட்டால் முதலில் ஏசாதீர்கள். யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். பல நேரங்களில் ஒரு மாமியின் சொல்லோ, பெண் பார்க்க வந்தவர்களின் பார்வையோ அதற்குப் பின்னால் இருக்கும். "உன் முடி எனக்குப் பிடிக்கும்" என்று ஓர் உம்மா சொல்வது எந்த விளம்பரத்தையும் விடப் பலமானது. அதன் பிறகும் அவள் விரும்பினால் கூடவே போங்கள், லேபலை நீங்கள் வாசியுங்கள், ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். "எரிகிறது" என்று அவள் சொன்னால் முதலில் நம்புகிறவர் நீங்களாக இருங்கள்.